68-இலிருந்து 10: ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் பூனைக் கணக்கு

1991 தொடங்கி 2002 வரை அந்த வளாகத்தில் எப்போதாவது குடியிருந்த பூனைகள் மொத்தம் 155. அவற்றில் 73 வீடுகளுக்குத் தத்துப் போயின. 23 காணாமல் போயின. 17 பூனைகளைக் கருணைக்கொலை செய்ய வேண்டியிருந்தது. 10 இறந்தன. 9 பக்கத்துக் காட்டுக்குள் ஒதுங்கிவிட்டன. மீதி 23 வளாகத்திலேயே இருந்தன. கூட்டிப் பாருங்கள், 155 வரும். தெருப்பூனைகளைப் பற்றி வரும் பெரும்பாலான அறிக்கைகளில் இப்படிக் கூட்டிச் சரிபார்க்க எதுவுமே இருக்காது. இத்தனை ஆயிரம் பூனைகளுக்குக் கருத்தடை அறுவை செய்தோம் என்று ஒரு வரியும், வரிசையாக அடுக்கிய கூண்டுகளின் படம் ஒன்றும் இருக்கும். அறுவை முடிந்த பூனைகள் பிறகு என்ன ஆயின என்று கேட்டால் பதில் இருக்காது.

வளாகம், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஓர்லாண்டோ நகரை ஒட்டியுள்ள சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம். 1968-இல் வகுப்புகள் தொடங்கிய இளம் பல்கலைக்கழகம் அது. கட்டடங்களைச் சுற்றிலும் பைன் மரக்காடும் சதுப்பு நிலமும் இருக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் சுமார் இருபதாயிரம் மாணவர்கள் படித்தார்கள். 2019-இல் அறுபதாயிரத்துக்கும் மேல். மாணவர் விடுதி, உணவகம், குப்பைத்தொட்டி, குளிரே இல்லாத தட்பவெப்பம் எல்லாம் சேர்ந்த இடத்தில் பூனைகள் பெருகாமல் இருந்தால்தான் வியப்பு. படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் மாணவர்கள் வளர்த்த பூனையை விட்டுவிட்டுப் போவது எந்தக் கல்லூரி வளாகத்துக்கும் புதிதல்ல.

பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடும் முறைக்கு டிஎன்ஆர் (டிராப், நியூட்டர், ரிட்டர்ன்) என்று பெயர். சென்னையில் தெருநாய்களுக்கு 1990களிலிருந்து நடந்துவரும் வேலையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பூனைகளிடம் இது பலிக்குமா பலிக்காதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பலிக்கும் என்பதே என் கட்சி. ஆனால் எதனால் பலிக்கிறது என்பதில் என் கட்சிக்காரர்கள் பலரோடும் எனக்குப் பேச்சு உண்டு. அதற்குத்தான் இந்த ஒரு வளாகத்தை எடுத்துக்கொண்டேன்.

நடந்தது என்ன

வேலையைச் செய்தவர்கள் தன்னார்வலர்கள். வளாகத்தில் பூனைகள் கூடும் இடங்களை அவர்கள் தனித்தனிக் கூட்டங்களாகக் குறித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாள் தவறாமல் தீனி வைக்க ஆள் இருந்தது. தீனி வைப்பதைப் பலரும் வெறும் இரக்கம் என்று நினைக்கிறார்கள். இங்கே அது வருகைப்பதிவு. தினமும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே பூனைகளைப் பார்க்கும் ஆளுக்குப் புதிதாக ஒரு முகம் வந்தால் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். காது நுனி வெட்டப்படாத பூனை தட்டருகில் வந்து நின்றால் அன்றைக்கே கூண்டுக்கு வேலை வந்துவிடும்.

காது நுனி விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். பூனை மயக்கத்தில் இருக்கும்போது ஒரு காதின் நுனியைச் சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நேர்கோடாக வெட்டிவிடுவார்கள். பார்க்கச் சிலருக்கு மனசு ஒப்பாது. ஆனால் கழுத்துப்பட்டை கழன்றுவிடும். மைக்ரோசிப்பைக் கருவியைக் கிட்டே கொண்டுபோனால்தான் படிக்க முடியும். ஆள் அண்டவிடாத பூனையிடம் கிட்டே போவது நடக்காத காரியம். வெட்டிய காது இருபதடி தூரத்திலிருந்தே தெரியும். ஏற்கெனவே அறுவை ஆன பூனையை மறுபடி பிடித்து, மறுபடி மயக்கி, வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடும் கொடுமையைத் தவிர்க்க இதைவிட எளிய வழி இதுவரை கிடைக்கவில்லை.

கூண்டு வைப்பதில் ஒரு தொழில்நுணுக்கம் உண்டு. முதல் நாளே தீனியை நிறுத்திவிட வேண்டும். வயிறு நிறைந்த பூனை கூண்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காது, தவிர மயக்க மருந்துக்கும் வெறும் வயிறு நல்லது. கூண்டின் கடைக்கோடியில், மிதிபலகைக்கு அப்பால், எண்ணெய் வாசனை தூக்கலான மீன் வைக்க வேண்டும். கதவு விழுந்ததும் கூண்டின் மேல் துணி போர்த்திவிட வேண்டும். இருட்டானதும் பெரும்பாலான பூனைகள் கம்பியில் மூக்கை மோதிக்கொள்வதை நிறுத்திவிடும். மயக்க ஊசியைக் கூண்டுக்குள் வைத்தே போட்டுவிடுவார்கள். யாரும் கையால் தூக்க வேண்டிய அவசியமே வராது. கூடவே வெறிநோய்த் தடுப்பூசியும் போடப்படும். கடுவனை மறுநாள் விட்டுவிடலாம். பெட்டையை ஓரிரு நாள் வைத்திருந்து, தையலைப் பார்த்துவிட்டு விடுவது வழக்கம். பால் கொடுக்கும் தாய் சிக்கினால் கணக்கு மாறும். எங்கோ ஒரு புதரில் குட்டிகள் காத்திருக்கும். அறுவை முடிந்து தெளிந்ததும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அதைக் கொண்டுபோய் விட வேண்டும்.

எந்தக் கூட்டத்திலும் முதல் பத்துப் பூனைகள் சுலபமாக விழும். கடைசி இரண்டுதான் உயிரை வாங்கும். ஒருமுறை தப்பிய பெட்டை கூண்டைக் கண்டாலே பத்தடி தள்ளி உட்கார்ந்து, மற்றவை விழுவதை வேடிக்கை பார்க்கும். அதற்காகவே மேலிருந்து கவிழும் கூண்டு இருக்கிறது. தூரத்தில் ஒளிந்திருப்பவர் கயிற்றை இழுத்தால் விழும். மணிக்கணக்கில் கொசுக்கடியில் உட்காரும் வேலை இது, கைதட்டல் கிடைக்காத வேலையும்கூட. ஆனால் தப்பிக்கும் அந்த ஒரு பெட்டைதான் அடுத்த வருடக் கூட்டத்தின் தாய்.

கணக்கு

முழு வளாகத்துக்குமான முதல் கணக்கெடுப்பு 1996-இல் நடந்தது. அப்போது 68 பூனைகள். 2002-இல் 23. அதாவது 66 சதவீதக் குறைவு. 1995-க்குப் பிறகு வளாகத்தில் ஒரு குட்டியும் பிறந்ததாகப் பார்க்கப்படவில்லை. புதிய பூனைகள் வந்துகொண்டேதான் இருந்தன. ஆனால் அவை குட்டி போடுவதற்குள் பிடிபட்டு, கருத்தடையோ தத்தோ நடந்துவிட்டது. கடைசியில் மிஞ்சிய பூனைகளில் 83 சதவீதம் ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே வாழ்ந்தவை. தெருவில் விட்ட பூனை இரண்டு வருடம்கூடத் தாங்காது, அதைக் கொல்வதுதான் கருணை என்று பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு எண் போதும்.

ஃபுளோரிடா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பேராசிரியர் ஜூலி லெவியும், டேவிட் கேல், லெஸ்லி கேல் இருவரும் சேர்ந்து இந்த முடிவுகளை 2003-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியிட்டார்கள். அதோடு கதை முடிந்திருந்தால் இதை எடுத்து எழுதியிருக்க மாட்டேன். பதினோரு வருடக் கணக்கே விலங்கு நலத் துறையில் பெரிய விஷயம். இங்கே 2019-இல் வேறு ஆய்வாளர்கள் அதே பதிவேட்டைத் தொடர்ந்து பார்த்தார்கள். 28 ஆண்டுகளில் பதிவான பூனைகள் 204. மிச்சம் இருந்தவை 10. மொத்தம் இருந்த 16 கூட்டங்களில் 11 அடியோடு இல்லாமல் போயிருந்தன. இதற்கிடையில் மாணவர் எண்ணிக்கை மூன்று மடங்காகியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த எண்களில் நான் முதலில் பார்ப்பது 73-ஐத்தான். 155-இல் 47 சதவீதம். பதிவானதில் கிட்டத்தட்டப் பாதி வளாகத்தில் நிற்கவில்லை, வீட்டுக்குப் போனது. யாரோ விட்டுப்போன, ஆளோடு பழகிய பூனைகளும், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட, கையில் எடுத்துப் பழக்கினால் பழகிவிடும் குட்டிகளும்தான் தத்துக்கு ஏற்றவை. கருத்தடை மட்டுமே செய்து எல்லாவற்றையும் திரும்ப விட்டிருந்தால் 2002-இல் 23 என்ற எண் வந்திருக்காது. பூனைகள் வயதாகி இயல்பாகக் குறைய இன்னும் பல வருடம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். டிஎன்ஆர் என்ற பெயரில் தத்துக்கு ஓர் எழுத்து இல்லாமல் போனது பெரிய குறை.

ஆய்வில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, எதுவும் செய்யாமல் விட்ட இன்னொரு வளாகம் இல்லை. 1991-இலிருந்து 1996 வரை மொத்த எண்ணிக்கை எப்படி ஏறி இறங்கியது என்பதைக் கணக்கெடுப்பு சொல்லாது. காணாமல் போன 23 பூனைகள் எங்கே போயின? சாலையில் அடிபட்டிருக்கலாம், யாராவது எடுத்துப் போயிருக்கலாம். காட்டுக்குள் ஒதுங்கிய ஒன்பதும் வளாகத்துக் கணக்கிலிருந்து போயினவே தவிர உலகத்திலிருந்து போகவில்லை. இதையெல்லாம் ஒத்துக்கொண்ட பிறகும், 28 வருடத்துக்குப் பின் பத்துப் பூனைகள் என்ற உண்மை அப்படியே நிற்கிறது.

அதே மாநிலம், அதே ஆண்டு, எதிர் முடிவு

2003-இல் ஃபுளோரிடாவிலிருந்தே இன்னொரு ஆய்வு வந்தது. மயாமி-டேட் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) இரண்டு பொதுப் பூங்காக்களில் இருந்த பூனைக் கூட்டங்களைக் காஸ்டில்லோ, கிளார்க் என்ற இரு ஆய்வாளர்கள் கண்காணித்தார்கள். அங்கேயும் கருத்தடை நடந்தது, அங்கேயும் தன்னார்வலர்கள் தீனி வைத்தார்கள். முதலில் இருந்த பூனைகள் குறையவும் செய்தன. ஆனால் அந்தக் குறைவை ஈடுகட்டும் அளவுக்குப் புதுப்பூனைகளை வெளியாட்கள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்த பூனைகள் பார்க்கில் உலாவுவதைப் பார்க்கிறவர், தன் வீட்டுப் பூனையும் இங்கே பிழைத்துக்கொள்ளும் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறார். பொது நிலத்தில் இம்முறை பயன்படாது என்று அந்த ஆய்வு முடிவு சொன்னது.

டிஎன்ஆர் எதிர்ப்பாளர்கள் மயாமியைக் காட்டுவார்கள். ஆதரவாளர்கள் ஓர்லாண்டோவைக் காட்டுவார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் சண்டைக்கே அவசியம் இல்லை என்று தோன்றும். இரு இடத்திலும் அறுவை ஒன்றுதான். வளாகத்தில் புதுவரவைக் கண்ணில் பட்டதும் பிடித்தார்கள், பழகியதை வீட்டுக்கு அனுப்பினார்கள். பூங்காவில் வாசல் திறந்தே கிடந்தது. இருக்கும் பூனைகளே புதுப்பூனையை அண்டவிடாது என்று எங்கள் தரப்பில் அடிக்கடி சொல்லப்படும் வாதத்தை நான் நம்புவதில்லை. தீனித்தட்டில் இடம் இருந்தால் பூனைகள் இடம் கொடுக்கும். புதுப்பூனையைத் தடுக்க மனிதர்தான் வேண்டும்.

எத்தனை பூனைகளுக்கு அறுவை செய்தால் போதும்

ஒரு ஜோடிப் பூனை ஏழு வருடத்தில் 4,20,000 பூனைகளாகும் என்று ஒரு பிரசாரத் தட்டி பல நாடுகளில் சுற்றுகிறது. சுத்தப் பொய். பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைபிடிக்கலாம், சினைக்காலம் ஒன்பது வாரம்தான், வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்றும் நடக்கும், எல்லாம் உண்மை. ஆனால் வடக்கு கரோலினாவில் கூட்டங்களைப் பின்தொடர்ந்தபோது, குட்டிகளில் 75 சதவீதம் ஆறு மாதத்துக்குள் செத்தன அல்லது மறைந்தன. பொய்யான எண்ணைப் போட்டுக் கருத்தடைக்கு ஆதரவு திரட்டினால், அதைக் கண்டுபிடிப்பவர் மீதி எதையும் நம்பமாட்டார்.

அந்த 75 சதவீதத்துக்குள்தான் பிரச்சினையின் சூட்சுமம் இருக்கிறது. கூட்டத்தில் பாதிக்குக் கருத்தடை செய்தால் பிறக்கும் குட்டிகள் குறையும். குறைந்த குட்டிகளுக்கு அதிகத் தீனி, அதிக இடம். அதனால் முன்பைவிட அதிகக் குட்டிகள் பிழைக்கும். செய்த வேலையின் பலனில் ஒரு பகுதியை இயற்கை திரும்ப வாங்கிக்கொள்கிறது. இஸ்ரேலின் ரிஷோன் லெசியோன் நகரில் 12 ஆண்டுகள் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு இதைக் களத்திலேயே காட்டியது. நகரத்தின் சில பகுதிகளில் மட்டும் கருத்தடை செய்தபோது எண்ணிக்கை அசையவில்லை. நகரம் முழுக்க, இடைவெளி விடாமல், எழுபது சதவீதத்துக்கு மேல் செய்தபோதுதான் ஆண்டுக்குச் சுமார் 7 சதவீதம் வீதம் இறங்கத் தொடங்கியது.

இதற்கு முன்பே 2005-இல் இரண்டு கவுண்டிகளின் பதிவுகளை வைத்து ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் 14,452 பூனைகளுக்கும், ஃபுளோரிடாவின் அலாச்சுவா கவுண்டியில் 11,822 பூனைகளுக்கும் அறுவை நடந்திருந்தது. கேட்கப் பிரமாண்டம். ஆனால் எண்ணிக்கை வளர்ச்சியில் தொடர்ச்சியான குறைவு எதுவும் தெரியவில்லை. 71 முதல் 94 சதவீதம் வரை கருத்தடை ஆனால்தான் இறங்கும் என்று கணக்கு சொன்னது. இரண்டு கவுண்டியும் அதன் கிட்டேகூடப் போகவில்லை. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் ஜூலி லெவியே. தான் நடத்திய திட்டத்துக்கே பாதகமான முடிவை அவர் வெளியிட்டார், பிறகு முறையை மாற்றினார். அலாச்சுவா கவுண்டி முழுக்கச் சிதறலாகப் பிடிப்பதை விட்டு, ஒரே ஓர் அஞ்சல் எண் பகுதியில் குவிந்து, இரண்டு ஆண்டில் 2,366 பூனைகளுக்குக் கருத்தடை செய்தார்கள். அந்தப் பகுதியிலிருந்து காப்பகத்துக்கு வந்த பூனைகள், அங்கே வசிக்கும் மக்கள் ஆயிரம் பேருக்கு 13 என்பதிலிருந்து 4 ஆகின. கவுண்டியின் மற்ற பகுதிகளில் 16 என்பது 14 ஆனது, அவ்வளவே.

ஆகவே ஒரு மாநகராட்சியோ அமைப்போ இந்த ஆண்டு ஐயாயிரம் அறுவை என்று அறிவித்தால், எங்கே என்று கேட்க வேண்டும். நகரம் முழுக்கத் தூவிய ஐயாயிரம் வீண். நான்கு வார்டுகளில் அடர்த்தியாகச் செய்த ஐயாயிரம் அந்த நான்கு வார்டுகளின் முகத்தையே மாற்றிவிடும்.

பிடித்துக் கொன்றால் என்ன

கேட்கத் தகுந்த கேள்விதான். தென் இந்தியப் பெருங்கடலில் தென் ஆப்பிரிக்காவுக்குச் சொந்தமான மேரியன் தீவில் 1949-இல் சுண்டெலி பிடிக்கக் கொண்டுபோன ஐந்து பூனைகள், 1977-இல் சுமார் 3,400 ஆகியிருந்தன. கடற்பறவைகளைத் தின்று தீர்த்தன. வைரஸ் பரப்பி, இரவு வேட்டையாடி, கூண்டு வைத்து, நஞ்சு வைத்து, 1991-இல்தான் கடைசிப் பூனையை ஒழித்தார்கள். நிரந்தர மனிதக் குடியிருப்பே இல்லாத தீவில், வெளியிலிருந்து ஒன்றுகூட வராத இடத்தில், அத்தனை வருடம். வாசல் திறந்த நிலப்பரப்பில் அரைகுறையாகக் கொன்றால் என்ன ஆகும் என்பதை டாஸ்மேனியாவின் தென்பகுதிக் காடுகள் காட்டின. ஓர் ஆண்டுக்கும் மேலாகச் சிறிய அளவில் பூனைகளை அகற்றிய இரண்டு இடங்களில் பூனை நடமாட்டம் ஓரிடத்தில் 75 சதவீதமும் இன்னோர் இடத்தில் 211 சதவீதமும் கூடியிருந்தது. ஆதிக்கம் செலுத்திய பூனைகள் போனதும் சுற்றுவட்டத்துப் பூனைகள் உள்ளே வந்துவிட்டன என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அரைகுறைக் கருத்தடை பலிக்காது, அரைகுறைக் கொலையும் பலிக்காது. இரண்டில் ஒன்றில் மட்டும்தான் தீனி வைக்கும் அக்கம்பக்கத்தார் கூடவே நின்று புதுவரவைக் காட்டிக்கொடுப்பார்கள். கொல்ல வருகிறவர்களிடம் பூனையை ஒளித்துத்தான் வைப்பார்கள்.

பறவைகள் விஷயத்தில் எதிர்த்தரப்பு சொல்வது பெரும்பாலும் சரி. அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாகவும், அதில் பெரும்பங்கு உடைமையாளர் இல்லாத பூனைகளுடையது என்றும் 2013-இல் ஒரு மதிப்பீடு வந்தது. எண்ணைப் பற்றித் தகராறு உண்டு, திசையைப் பற்றி இல்லை. கருத்தடை ஆன பூனையும் வேட்டையாடும். ஃபுளோரிடாவின் தென்முனைத் தீவுகளில் கீ லார்கோ காட்டெலியும் சதுப்பு முயலும் அழிவின் விளிம்பில் இருக்கின்றன. அங்கே ஒரு கூட்டத்தை வைத்து ஆறு, எட்டு வருடம் தானாகக் குறையட்டும் என்று காத்திருக்க முடியாது. அந்த மாதிரி இடங்களில் பிடித்ததைத் திரும்ப விடக்கூடாது. தத்துக்கோ வேலியிட்ட காப்பகத்துக்கோ போக வேண்டும். இதை நாமே முதலில் சொன்னால் மற்ற இடங்களில் நமக்கு மரியாதை கிடைக்கும்.

வளாகங்களுக்குக் கேட்க வேண்டியது

கல்லூரி, மருத்துவமனை, துறைமுகம், தொழிற்பேட்டை போன்ற எல்லையுள்ள இடங்களுக்கு ஓர்லாண்டோ மாதிரி அப்படியே பொருந்தும். மாசச்சூசெட்ஸின் நியூபரிபோர்ட் துறைமுகக்கரையில் 1992-இல் சுமார் 300 பூனைகள் இருந்தன. 2009-இல் ஸோரோ என்ற கடைசிப் பூனை இறந்ததோடு அந்தக் கூட்டம் முடிந்தது. அங்கேயும் தத்தும் தொடர் கண்காணிப்பும்தான் வேலையைச் செய்தன.

அப்படியொரு திட்டத்துக்கு அனுமதி கேட்டு நிர்வாகத்திடம் போகிறவர்கள் அறுவைச் செலவை மட்டும் எழுதிக்கொண்டு போகிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் அறுவைதான் பெரிய செலவு. மூன்றாம் ஆண்டிலிருந்து வருடத்துக்குச் சில பூனைகள்தான் புதிதாக வரும், ஆனால் அவற்றைப் பார்க்கத் தினமும் ஒருவர் வேண்டும். நான் பார்த்தவரை திட்டங்கள் சாவது அங்கேதான். ஆரம்பித்த மாணவர்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள், கூண்டுகள் ஏதோ ஓர் அறையில் துருப்பிடிக்கும், நான்காம் ஆண்டில் யாரோ விட்டுப்போன ஒரு சினைப்பெட்டை புதரில் ஈன்றுவிடும். இதைத் தவிர்க்க, பொறுப்பை மாணவர் குழுவின் பெயரில் மட்டும் எழுதாமல், வளாகத்திலேயே நிரந்தரமாக வேலை பார்க்கும் பணியாளர் ஒருவர் பெயரிலும் எழுதச் சொல்லலாம். பூனை ஒவ்வொன்றுக்கும் படம், நிறம், காது, வந்த தேதி, போன விதம் என்று ஒரு பதிவேடு வேண்டும். விடுதி காலிசெய்யும் மாதத்தில், பூனையை விட்டுப்போகாதீர்கள், இங்கே கொண்டுவந்து கொடுங்கள் என்று தொலைபேசி எண்ணோடு அறிவிப்பு ஒட்ட வேண்டும். தீனித்தட்டுகளை வெளியாள் கண்ணில் படாத இடத்தில் வைத்து, தின்று முடித்ததும் எடுத்துவிட வேண்டும். மயாமிப் பூங்காக்களில் பூனையைக் கொண்டுவந்து விட்டவர்களை இழுத்தது கண்ணெதிரே இருந்த தீனிதான்.